செல்லுக்குள் இத்தனை தடுப்புகள் எதற்கு?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது இது: "செல்லின் படத்தைப் பலமுறை வரைந்து, மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் நிலையம், கோல்கை அஞ்சலகம், லைசோசோம் தற்கொலைப் பை என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் இவை படத்தில் இருப்பதுபோலத் தனித்தனியாக மிதக்கும் பொருட்களா? ஒரு பைக்குள் இத்தனை பைகள் எதற்கு? ஒரு புரதத்துக்குத் தான் போக வேண்டிய இடம் எப்படித் தெரிகிறது?" கேள்விகள் மூன்று என்றாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. செல்லுக்குள் ஏன் இத்தனை தடுப்புகள், அந்தத் தடுப்புகளால் என்ன நடக்கிறது என்பதே அது. நுண்ணுறுப்புகளின் பட்டியலைத் திரும்பச் சொன்னால் உங்களுக்குப் பயனில்லை. அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விலங்குச் செல்களைப் பார்த்தும், பார்த்ததைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்தும் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தாவரச் செல்களில் நான் நேரடியாக வேலை செய்ததில்லை. அவற்றைத் தொடும் இடங்களில் படித்தறிந்ததைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரான பதில். நுண்ணுறுப்பு என்பது பெரும்பாலும் சவ்வால் அடைத்துப் பிரித்த ஓர் இடம். அந்த இடத்துக்குள் ஒரு நிலைமை இருக்கும், வெளியே வேறொரு நிலைமை இருக்கும். அமிலத்தன்மையோ, கால்சியத்தின் அளவோ, புரோட்டான்களின் செறிவோ, உள்ளே அடைபட்ட நொதிகளோ, ஏதோ ஒன்றில் உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை உண்டாக்கி, அது கலைந்துவிடாமல் காத்து, அதை வைத்து வேலை வாங்குவதுதான் அதன் தொழில். சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். இத்தனை மெல்லியதாக இருந்தும், மின்னேற்றம் உள்ள எதையும் அது எளிதில் ஊடுருவ விடாது. செல் என்றதும் நாம் வெளிச்சவ்வைத்தான் நினைக்கிறோம். ஒரு கல்லீரல் செல்லில் உள்ள மொத்தச் சவ்வில் வெளிச்சவ்வின் பங்கு 2 விழுக்காடுதான். பாதியளவு, செல்லுக்குள் பரவிக் கிடக்கும் பைகளும் குழாய்களுமான எண்டோபிளாச வலையில் இருக்கிறது. 40 விழுக்காட்டை ஒட்டி மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளில் இருக்கிறது. அந்தச் செல்லின் வாழ்க்கை முக்கால்வாசிக்கும் மேல் உட்சவ்வுகளில்தான் நடக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

நான் வகுப்பில் எப்போதும் லைசோசோமில் இருந்துதான் தொடங்குவேன், காரணம் இந்த வேறுபாடு அங்கே மிகத் தெளிவாகத் தெரியும். நுண்ணுறுப்புகளைச் சுற்றியுள்ள செல்நீர்மமான சைட்டோசாலின் பி.எச். ஏறத்தாழ 7.2. லைசோசோமின் உள்ளே 4.5 முதல் 5 வரை. அதாவது உள்ளே புரோட்டான் செறிவு நூறு மடங்குக்கும் மேல் அதிகம். இந்த அமிலம் தானாக வந்ததன்று. அதன் சவ்வில் உள்ள ஒரு புரத எந்திரம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டான்களை இடைவிடாமல் உள்ளே தள்ளுகிறது. உள்ளே புரதம், கொழுப்பு, சர்க்கரைச் சங்கிலி, நியூக்ளிக் அமிலம் என எதையும் நறுக்கக்கூடிய ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் இருக்கின்றன. அவை அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். இங்கேதான் "தற்கொலைப் பை" என்ற பெயர் தவறான எண்ணத்தைத் தருகிறது. ஒரு லைசோசோம் கிழிந்து நொதிகள் வெளியே கசிந்தாலும், 7.2-இல் அவற்றின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பெரிய அளவில் கசிந்தால் செல் சாகும் என்பது உண்மை. அன்றாட வேலை சாவதன்று, பழையதைப் பிரித்துப் பொருளை மீட்பது. தேய்ந்த மைட்டோகாண்ட்ரியாவையே ஒரு சவ்வு சுற்றி வளைத்து லைசோசோமிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தத் தன்விழுங்கல் எப்படி நடக்கிறது என்பதை ஈஸ்ட் செல்களில் வெளிக்கொண்டு வந்ததற்காகத்தான் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. லைசோசோமின் கண்டுபிடிப்பும் சவ்வின் கதைதான். கிறிஸ்தியான் டெ டுவே எலியின் கல்லீரலில் வேறொரு நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக அளந்த அமில பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் செயல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. அதே கரைசலைச் சில நாட்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு மீண்டும் அளந்தபோது செயல் பல மடங்கு கூடியிருந்தது. நொதி புதிதாக எதுவும் உருவாகவில்லை. அதை மறைத்துக்கொண்டிருந்த சவ்வு அந்த நாட்களில் சிதைந்திருந்தது. யாரும் கண்ணால் அடையாளம் காணும் முன்பே, அளவுகளை மட்டும் வைத்து ஒரு நுண்ணுறுப்பு இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்து, 1955-இல் அதற்குப் பெயரும் வைத்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த நிகழ்ச்சி இதுதான்.

இனி படத்துக்கு வருவோம். மைட்டோகாண்ட்ரியாவை அவரை விதை வடிவில் வரையும் பழக்கம் எங்கிருந்து வந்தது? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்குத் திசுவைப் பிசினில் பதித்து 60, 70 நானோமீட்டர் தடிமனுக்குச் சீவுவோம். 20 மைக்ரான் அகலமுள்ள ஒரு கல்லீரல் செல்லை முழுதாகப் பார்க்க இப்படிக் கிட்டத்தட்ட முந்நூறு சீவல்கள் வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் குறுக்களவு அரை மைக்ரானில் இருந்து ஒரு மைக்ரான் வரை. நீளமோ அதைப்போல் பல மடங்கு இருக்கலாம். சுருண்டு கிடக்கும் கயிற்றுக் குவியலைக் கத்தியால் ஒரே இடத்தில் சீவினால் கண்ணுக்குத் தெரிவது வட்டங்களும் நீள்வட்டங்களும்தான். அந்த நீள்வட்டத்தைத்தான் தனிப் பொருளாக வரைந்துவிட்டோம். உயிருள்ள செல்லில் ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால் பல செல்களில் அது கிளைவிட்ட வலையாக, ஓரிடத்தில் பிளந்தும் இன்னோரிடத்தில் இணைந்தும் நகர்ந்துகொண்டே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், 1898-இல் கார்ல் பெண்டா வைத்த பெயரிலேயே இது இருக்கிறது: கிரேக்கத்தில் "மைட்டோஸ்" என்றால் நூல், "காண்ட்ரோஸ்" என்றால் மணி. ஆகவே "ஒரு செல்லில் எத்தனை மைட்டோகாண்ட்ரியா?" என்று கேட்டால், சில செல்களுக்கு எண்ணைச் சொல்லலாம், இணைந்தும் பிரிந்தும் கொண்டிருக்கும் செல்லுக்கு அந்தக் கேள்வியே சரியாகப் பொருந்தாது. எந்த நொடியில் எண்ணினீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஆற்றல் நிலையம் என்பது தவறில்லை, ஆனால் அந்தச் சொல் எப்படி என்பதை மறைத்துவிடுகிறது. உணவிலிருந்து வந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள புரதத் தொகுதிகள் வழியே ஆக்சிஜன் வரை கைமாறிக்கொண்டே போகும்போது, அந்தத் தொகுதிகள் புரோட்டான்களை உட்சவ்வின் வெளிப்புறத்துக்குத் தள்ளிவிடுகின்றன. இதனால் சவ்வின் இரு பக்கமும் ஏறத்தாழ 150 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. சிறிய எண்போலத் தோன்றும். ஆனால் அது 5 நானோமீட்டர் தடிமனுக்குள் நிற்கிறது. மீட்டர் கணக்கில் சொன்னால் 3 கோடி வோல்ட். தள்ளப்பட்ட புரோட்டான்கள் திரும்பி உள்ளே வர ஒரு வழி உண்டு, ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். அதன் வழியே அவை பாயும்போது அந்தப் புரதத்தின் ஒரு பகுதி நிஜமாகவே சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் ஏடிபி உருவாகிறது. இதை உவமையாகச் சொல்லவில்லை. 1997-இல் அந்தப் புரதத்தின் தண்டில் ஒளிரும் இழை ஒன்றைக் கட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் நேரில் பார்த்திருக்கிறார்கள். பீட்டர் மிட்செல் 1961-இல் புரோட்டான் வேறுபாடுதான் ஆற்றலின் கிடங்கு என்று முதலில் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் நோபல் பரிசு வந்தது. இன்று இதில் ஐயம் ஏதுமில்லை. உட்சவ்வு ஏன் அத்தனை மடிப்பாக இருக்கிறது என்பதும் இப்போது புரியும்: வேலை நடக்கும் இடம் சவ்வின் பரப்பு, மடித்தால்தான் சிறிய இடத்தில் பெரிய பரப்பு கிடைக்கும். அந்த வேறுபாட்டை வேறு விதமாகவும் செலவழிக்கலாம். பழுப்புக் கொழுப்புச் செல்களில் ஒரு புரதம் புரோட்டான்களுக்குக் குறுக்குவழி திறந்துவிடுகிறது. ஏடிபி உருவாகாமல் வெப்பம் உருவாகிறது. அதே மைட்டோகாண்ட்ரியாவில் இருந்து சைட்டோகுரோம் சி என்ற எலக்ட்ரான் கடத்தும் புரதம் வெளியே கசிந்தால் செல் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளத் தொடங்கும். தற்கொலைப் பை என்ற பெயரை எதற்காவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் லைசோசோமைவிட இதற்குத்தான் அது அதிகம் பொருந்தும்.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியம் என்பதும் உறுதியான செய்திதான். அதற்குச் சொந்தமாக டிஎன்ஏ இருக்கிறது. மனிதனில் அது 16,569 கார இணைகள் கொண்ட வட்டம்; அதில் 37 மரபணுக்கள், அவற்றில் 13 மட்டுமே புரதத்துக்கானவை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் புரதங்கள் ஆயிரத்துக்கும் மேல். மீதி அனைத்தும் உட்கருவின் மரபணுக்களில் இருந்து வெளியே தயாராகி உள்ளே வருபவை. லின் மார்குலிஸ் 1967-இல் இந்தக் கருத்தை விரிவாக முன்வைத்தார்; பின்னாளில் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது பாக்டீரியங்களோடு உள்ள உறவு தெளிவாகிவிட்டது. உறுதி இவ்வளவோடு நிற்கிறது. அந்தப் பாக்டீரியம் உள்ளே வந்த நாளில் அதை ஏற்ற செல்லுக்கு உட்கருவும் உட்சவ்வுகளும் ஏற்கெனவே இருந்தனவா, பிறகு வந்தனவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் பிரிந்து நிற்கிறார்கள். "முதல் செல் இதை விழுங்கியது, பிறகு செரிக்காமல் விட்டது" என்று ஒரு கதைபோல எழுதியிருப்பதைப் படித்தால், அதை ஒரு சாத்தியமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மைட்டோகாண்ட்ரியா இல்லாத மெய்யுட்கரு உயிரியே (செல்லில் சவ்வு சூழ்ந்த உட்கரு கொண்ட உயிரி) கிடையாது என்று நான் நெடுநாள் கற்பித்தேன். 2016-இல் மோனோசெர்கோமோனாய்ட்ஸ் என்ற ஒரு செல் உயிரியில் அதன் தடயமே இல்லை என்று கண்டறிந்தார்கள். அதன் முன்னோருக்கு இருந்து, இந்த வழியில் தொலைந்துபோயிருக்கிறது. வகுப்பில் அந்த வாக்கியத்தைத் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

புரதத்துக்கு இடம் எப்படித் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். புரதத்துக்குத் தெரியாது, ஆனால் அதன் அமினோ அமில வரிசையிலேயே முகவரி எழுதப்பட்டிருக்கிறது, அதைப் படிக்க வேறு புரதங்கள் இருக்கின்றன. எல்லாப் புரதமும் அமினோ அமிலங்களைக் கோக்கும் எந்திரமான ரைபோசோமில்தான் தொடங்குகிறது, மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் தாமே தயாரிக்கும் சிலவும் தங்கள் சொந்த ரைபோசோமில். வளர்ந்து வெளியே வரும் சங்கிலியின் முனையில் நீரை வெறுக்கும் பதினைந்து முதல் முப்பது வரையான அமினோ அமிலங்கள் வந்தால், சைட்டோசாலில் உள்ள ஒரு துகள் அதைப் பிடித்துக்கொள்கிறது, தயாரிப்பைச் சற்று நிறுத்திவைக்கிறது, ரைபோசோமையே எண்டோபிளாச வலையின் வாயிலுக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே சங்கிலி நூல் கோப்பதுபோலச் சவ்வைக் கடந்து உள்ளே நுழைந்துகொண்டே வளர்கிறது. சொரசொரப்பான வலை என்று படிக்கிறோமே, அந்தச் சொரசொரப்பு இப்படி வந்து ஒட்டிய ரைபோசோம்கள்தான். வேலை முடிந்ததும் அவை பிரிந்து பொதுக் குளத்துக்குப் போய்விடும். சுதந்திர ரைபோசோம், ஒட்டிய ரைபோசோம் என்று இரண்டு இனங்கள் கிடையாது. குண்டர் புளோபலுக்கு 1999-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது இந்த முகவரிக் கருத்துதான். உட்கருவுக்குப் போகும் புரதங்களில் நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் கொஞ்சம் சேர்ந்து நிற்கும். பெராக்சிசோம் என்ற சிறிய நுண்ணுறுப்புக்கான முகவரி எல்லாவற்றிலும் சிறியது: புரதத்தின் கடைசியில் செரின், லைசின், லூசின் என்று மூன்றே மூன்று. மின்மினியின் ஒளி உமிழும் நொதியைப் பாலூட்டிச் செல்லில் உண்டாக்கிப் பார்த்தபோது அது நேராகப் பெராக்சிசோமுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் செல் அதற்கு முன் மின்மினிப் புரதத்தைக் கண்டதே இல்லை. முகவரி மட்டும் பொதுவாக இருந்தது.

எண்டோபிளாச வலையின் உட்புறம் சைட்டோசாலைவிட வெளியுலகத்தைத்தான் ஒத்திருக்கிறது. அங்கே புரதத்தின் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணையலாம். சைட்டோசாலில் அது அரிது. சரியாக மடியாத புரதம் மேலே போகாமல் தடுத்து நிறுத்தப்படும், மீண்டும் முயன்றும் மடியாவிட்டால் வெளியே இழுத்து அழிக்கப்படும். கால்சியத்தையும் வலை தன்னுள் அடைத்து வைத்திருக்கிறது; வெளியே சைட்டோசாலில் அதன் செறிவு ஆயிரம் மடங்குக்கு மேல் குறைவு. ஒரு கதவைத் திறந்தால் போதும், கால்சியம் பாய்ந்து வெளியே வரும். தசை சுருங்குவதற்கான கட்டளையே அந்தப் பாய்ச்சல்தான். வழுவழுப்பான வலை கொழுப்பும் ஸ்டீராய்டும் தயாரிக்கிறது, கல்லீரலில் மருந்துப் பொருட்களை மாற்றி அமைக்கிறது. ஃபீனோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைத் தொடர்ந்து கொடுத்த விலங்கின் கல்லீரல் செல்லில் இந்த வலை கண்கூடாகப் பெருகியிருக்கும். மருந்தை நிறுத்தினால் சில நாட்களில் சுருங்கிவிடும். தேவைக்கேற்பக் கூடிக் குறையும் ஒன்றைப் பொருள் என்று சொல்வதா, நடக்கும் வேலை என்று சொல்வதா என்ற தயக்கம் எனக்கு அந்தப் படங்களைப் பார்த்த நாளில்தான் முதலில் வந்தது.

வலையில் இருந்து புரதம் கோல்கைக்குப் போகிறது. இந்தப் பயணத்தை 1960-களில் ஜார்ஜ் பலாடேயின் குழு நேரம் குறித்தே பார்த்தது. கினிப் பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்க லூசினை 3 நிமிடம் மட்டும் கொடுத்து, பிறகு சாதாரண லூசினுக்கு மாற்றினார்கள். தொடக்கத்தில் கதிரியக்கம் சொரசொரப்பான வலையில் இருந்தது. இருபது நிமிட அளவில் கோல்கையை ஒட்டிய பகுதியில். இரண்டு மணி நேரத்தில் சுரப்புத் துகள்களில். கோல்கைக்கு அதற்கு முன் பெரிய சோதனைக் காலம் இருந்தது. காமில்லோ கோல்கி 1898-இல் ஆந்தையின் நரம்புச் செல்லில் வெள்ளிச் சாயத்தால் அதைக் கண்டபோது, சாயத்தால் உண்டான பொய்த்தோற்றம் என்று பலர் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஐயப்பட்டார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துதான் வழக்கு தீர்ந்தது. அஞ்சலகம் என்ற ஒப்பீடு பாதி சரி. கடிதத்தைப் பிரிப்பதோடு அது நிற்பதில்லை, கடிதத்தின் மேல் எழுதவும் செய்கிறது. லைசோசோமுக்குப் போகும் நொதிகளில் மேனோஸ் என்ற சர்க்கரையின் மேல் ஒரு பாஸ்பேட்டை அது ஒட்டுகிறது. அந்த ஒட்டும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு ஐ-செல் நோய் என்ற கொடிய நோய் வருகிறது. அவர்களுடைய லைசோசோம் நொதிகள் நன்றாகவே தயாராகின்றன. அடையாளம் இல்லாததால் பல திசுக்களில் செல்லை விட்டு வெளியேறி இரத்தத்தில் கலந்துவிடுகின்றன, லைசோசோம்கள் செரிக்காத பொருளால் நிரம்பிவிடுகின்றன. இந்த அறிவு வீண் போகவில்லை. பாம்ப்பே (Pompe) நோய் போன்ற வேறு சில லைசோசோம் நோய்களில், குறைபட்ட நொதியை ஊசிவழி ஏற்றினால், அதே மேனோஸ் அடையாளத்தைக் கொண்டு செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

கோல்கையில் தீராத ஒன்றும் உண்டு. கோல்கை என்பது தட்டுபோன்ற சவ்வுப் பைகளின் அடுக்கு. அந்தத் தட்டுகள் அப்படியே இருக்க, சரக்கான புரதம் மட்டும் சிறு சவ்வுக் குமிழிகளில் ஏறித் தட்டுக்குத் தட்டு தாவுகிறதா? அல்லது தட்டே சரக்கோடு முன்னே நகர்ந்து, முதிர்ந்து, கடைசித் தட்டாகிறதா? நான் மாணவனாக இருந்தபோது முதல் விடைதான் பாடம். ஆனால் கொலாஜனின் முன்வடிவம் 300 நானோமீட்டர் நீளக் கம்பி. வழக்கமான குமிழியின் விட்டம் நூறு நானோமீட்டர்கூட இல்லை. அது எப்படி ஏறும்? 2006-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஈஸ்டில் ஒற்றைத் தட்டைத் தொடர்ந்து படம் பிடித்து, அதன் அடையாளப் புரதங்கள் கண்ணெதிரே மாறுவதைக் காட்டின. ஈஸ்டைப் பொறுத்தவரை தட்டு முதிர்கிறது என்பதை நான் உறுதியாக ஏற்கிறேன். தட்டுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும் பாலூட்டிச் செல்லில் அது மட்டும்தானா, இரண்டும் கலந்து நடக்கிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. என் சாய்வு முதிர்ச்சியின் பக்கம். அதைச் சாய்வாக மட்டுமே சொல்ல முடியும்.

உட்கருவைக் கட்டுப்பாட்டு அறை என்று சொல்லும்போது, அதைச் சுற்றி ஏன் இரட்டைச் சவ்வு என்ற கேள்வி விட்டுப்போகிறது. பாக்டீரியத்தில், மரபணுவின் நகலான தூதுவ ஆர்என்ஏ உருவாகிக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம் அதில் ஏறிப் புரதம் கட்டத் தொடங்கிவிடும். நம் மரபணுக்களில் இடையிடையே புரதத்துக்கு உதவாத பகுதிகள் உண்டு. அவற்றை வெட்டி நீக்கிய பிறகுதான் ஆர்என்ஏ படிக்கத் தகுந்ததாகும். வெட்டும் வேலை முடியும்வரை ரைபோசோமைத் தள்ளி வைக்க இந்தச் சுவர் உதவுகிறது. இடத்தைப் பிரித்து நேரத்தைப் பிரிக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்வேன். சுவரில் துளைகள் உண்டு. சுமார் 120 நானோமீட்டர் அகலம் கொண்ட பெரிய புரதக் கட்டுமானங்கள் அவை. சிறிய மூலக்கூறுகள் தாமாகக் கடக்கும், பெரியவை முகவரி காட்டித் துணைப் புரதத்தோடுதான் போகவேண்டும். இன்னொன்று, படத்தில் பெரும்பாலும் தெரியாதது: உட்கருவின் வெளிச்சவ்வும் எண்டோபிளாச வலையின் சவ்வும் ஒரே தொடர்ச்சி. இரண்டு உறுப்புகளாக எண்ணுவது நம் வசதிக்காகத்தான்.

பெராக்சிசோமைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மிக நீண்ட கொழுப்பு அமிலங்களைச் சிதைப்பதும், அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை அங்கேயே அடக்குவதும் அதன் வேலை, அது சரியாக உருவாகாத குழந்தைகள் பெரும்பாலும் ஓராண்டுகூட வாழ்வதில்லை என்பதே அதன் முக்கியத்தைச் சொல்லும். பசுங்கணிகத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் அதே உத்தியைப் பார்க்கலாம்: ஒளியின் ஆற்றலால் புரோட்டான்கள் அதன் உள்ளே இருக்கும் தைலகாய்டு என்ற பைகளுக்குள் சேர்க்கப்படுகின்றன, வெளியே பாயும்போது ஏடிபி. முதிர்ந்த தாவரச் செல்லின் பருமனில் 90 விழுக்காடு வரைகூட நடுவில் உள்ள நுண்குமிழ்ப்பையே எடுத்துக்கொள்ளலாம். இலை விறைப்பாக நிற்பது அதன் நீரழுத்தத்தால்.

இனி, மிதக்கின்றனவா என்ற உங்கள் முதல் கேள்வி. இல்லை. பல நுண்ணுறுப்புகள், செல்லுக்குள் தண்டவாளம்போல ஓடும் நுண்குழல்களைப் பற்றிக்கொண்டு, மோட்டார் புரதங்களால் இழுக்கப்பட்டு நகர்கின்றன. அதைவிட முக்கியம், அவை ஒன்றையொன்று தொடுகின்றன. எண்டோபிளாச வலையும் மைட்டோகாண்ட்ரியாவும் 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து நிற்கும் இடங்களை நான் எத்தனையோ சீவல்களில் பார்த்திருக்கிறேன். தற்செயல் என்று எண்ணிப் பல ஆண்டுகள் கடந்துபோனேன். புரதங்களே அந்த இரண்டு சவ்வுகளையும் கட்டி வைத்திருக்கின்றன என்பது 2009-இல் ஈஸ்டில் தெளிவானது. கொழுப்பு மூலக்கூறுகள் அந்த இடங்களில் குமிழி ஏதுமின்றிக் கைமாறுகின்றன. 2011-இல் இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது: மைட்டோகாண்ட்ரியன் பிளக்கப்போகும் இடத்தை வலையின் குழாய் முன்கூட்டியே சுற்றி நெருக்குகிறது. ஆக, ஓர் உறுப்பு எங்கே இரண்டாக வேண்டும் என்பதில் மற்றோர் உறுப்புக்குக் கை இருக்கிறது.

சவ்வே இல்லாத நுண்ணுறுப்புகளும் உண்டு. உட்கருவுக்குள் இருக்கும் உட்கருமணி நமக்குப் பழக்கமானது. 2009-இல் ஒரு நூற்புழுவின் கருவில், புரதமும் ஆர்என்ஏவும் சேர்ந்த துகள்கள் நீர்த்துளிபோல ஒட்டிப் பாய்வதையும் கரைவதையும் காட்டியதில் இருந்து, எண்ணெய் நீரில் பிரிவதுபோலப் பிரிந்து உருவாகும் துளிகள் என்று பலவற்றை விளக்கத் தொடங்கினார்கள். சோதனைக் குழாயில் புரதங்கள் இப்படிப் பிரிவது ஐயமற்றது. உயிருள்ள செல்லில் காணும் ஒவ்வொரு புள்ளியும் அதே காரணத்தால் உண்டாகிறது என்பதற்கான சான்று எல்லா இடத்திலும் ஒரே அளவு வலுவானதன்று. சாதாரணமான பிணைப்புகளாலும் புரதங்கள் ஓரிடத்தில் கூடலாம். இந்தப் பகுதியில் வரும் புதிய செய்திகளை, எந்தச் சோதனையால் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை செல்லை வரையும்போது மைட்டோகாண்ட்ரியாவை விதையாக வரையாமல் கிளைவிட்ட நூலாக வரைந்து, உட்கருவின் வெளிச்சவ்வை வலையோடு சேர்த்து, வலையின் ஒரு குழாயை அந்த நூலின் மேல் சுற்றிவிடுங்கள். ஒவ்வோர் உறுப்பின் பக்கத்திலும் தொழிற்சாலை, அஞ்சலகம் என்று எழுதுவதற்குப் பதிலாக, உள்ளே என்ன நிலைமை, வெளியே என்ன நிலைமை, அந்த வேறுபாட்டுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். லைசோசோமுக்கு 4.5 முதல் 5, 7.2, ஏடிபி என்று வரும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு எழுதும்போது விலை எலக்ட்ரான்களிடமிருந்து வருவதும், ஏடிபி வரவுப் பக்கத்துக்கு மாறுவதும் தெரியும். ரைபோசோமுக்கு எழுதப் போனால் உள்ளே, வெளியே என்று ஒன்றும் இருக்காது. அதை நுண்ணுறுப்பு என்று சில நூல்கள் ஏற்பதும் சில மறுப்பதும் அதனால்தான்.